உடைக்காத தேங்காய்

கோதாவில் இறங்கும் முன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது குஸ்திக்காரர்களான எங்கள் வழக்கம். அன்று ஆறு பேரும் தேங்காயோடு கோயில் வாசலில் நின்றோம்; ஒருவரும் உடைக்கவில்லை. எலும்பு முறிந்தால் வைத்தியம் அவரவர் பாடு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார் குஸ்திப் போட்டி நடத்தும் காண்ட்ராக்டர். சங்கத் தலைவனான என் தாளில் மட்டும் அது இல்லை. என்னை விலைக்கு வாங்கப் பார்த்திருக்கிறார்!

"அண்ணாச்சிக்கு ஒரு குறையும் வைக்கலியே! ஆளுக டிக்கெட் எடுத்தாச்சு, கேட்டோ" என்று ஓடிவந்தார்.

"மத்த அஞ்சு பேரு தாளுலயும் அந்த வரிய வெட்டும். இல்லேன்னா கோதாவுல நீரே இறங்கும்" என்றேன்.

வெட்டிக் கையெழுத்திட்டு, "இனி உடைக்கலாமே?" என்றார்.

என் தேங்காயை அவர் கையில் திணித்தேன். "பிள்ளையாரு சாட்சியா நீரு உடையும்."