தண்ணீர்க் குரூப்பும் ஒரு கெட்ட வார்த்தையும்

வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினாக இருப்பது சம்பளமில்லாத உத்தியோகம். ஏச்சு மட்டும் நாள் தவறாமல் வந்து சேரும். என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெமோதரையில் எங்கள் ரோட்டு வீடுகளுக்கும் மேலே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கி. அதற்கொரு சங்கம், சங்கத்துக்கொரு குரூப். "நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க" என்று என்னை அட்மினாக்கினார்கள். மூன்று வேளைச் சமையலுக்கு அதுதான் பெயர்.

பூப்படம்

முதல் நாளே சட்டம் போட்டேன்: யாரும் யாரையும் ஏசக்கூடாது, காலை வணக்கப் பூப்படம் அனுப்பக்கூடாது. பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஃபாரூக் நானா உடனே எழுதினார்: "தங்கச்சி, ஏசவும் ஏலா, வாழ்த்தவும் ஏலாண்டா நாங்க இதுல என்னத்துக்கு ஈக்கிற?"

ஒரு சொல்

விடியற்காலையில் தாங்கியின் வால்வை முதலில் சங்கத் தலைவர் வீடு இருக்கும் எங்கள் ரோட்டுக்குத்தான் திறப்பார்கள். லயத்துக்குத் தண்ணீர் போகும்போது பெண்கள் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலையேறியிருப்பார்கள். பிள்ளைகள் முகம் கழுவாமலே பள்ளிக்கூடம் போயிருக்கும். கொழுந்து பறிக்கும் பாக்கியம் ஒருநாள் குரூப்பில் குரல் பதிவு போட்டாள். "தலைவரு வீட்டு ரோசாச்செடி குளிச்ச பொறகுதான் எங்க புள்ளைங்க மூஞ்சி கழுவணுமா?" என்று கேட்டு, கடைசியில் தலைவரை ஒரு சொல் சொன்னாள். கான்வென்ட்டில் படித்த என் காதுக்கு மட்டுமில்லை, சந்தையில் படித்த காதுக்கும் அது கொஞ்சம் அதிகம்.

தலைவர் போன் பண்ணி, "அவளைக் குரூப்ல இருந்து தூக்குங்க. கருத்துச் சொல்லட்டும், மரியாதை வேணாமா?" என்றார். ஆளைத் தூக்க மாட்டேன் என்று சொல்லி, பதிவை மட்டும் அழித்தேன். குரல் பதிவில் ஒரு சொல்லை மட்டும் கத்தரிக்க முடியாதே. முறைப்பாடும் சேர்ந்து போய்விட்டது. பாக்கியத்தைக் கூப்பிட்டு, "இதையே மரியாதையாச் சொல்லக்கூடாதா?" என்றேன். "போன மாசம் மரியாதையாத்தானக்கா சொன்னேன். நீங்க கைகூப்புற படம் போட்டீங்க, தலைவரு பெருவெரல் போட்டாரு. தண்ணியத்தான் யாரும் போடல."

நன்றியுரை

அந்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை. கேள்வி கேட்க எந்தக் கூட்டத்திலும் இடம் வைப்பதில்லை. நன்றியுரை வழக்கம்போல் கான்வென்ட்காரி தலையில். எழுந்து, "என் நேரத்தைப் பாக்கியத்துக்குக் கொடுக்கிறேன். அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பாக்கியம் அதே ரோசாச்செடிக் கேள்வியை, கைகட்டி நின்று, அந்தச் சொல் இல்லாமல் கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை, தலைவருக்கு அதுதான் சுட்டது. "இந்தாம்மா, இது நன்றியுரை" என்றார். "ஆமாங்கய்யா. நாளைக்கு வெள்ளன எங்க பக்கம் மொதல்ல தெறந்து விடுங்க, குரூப்லயே நன்றி சொல்றேன்."

மறுநாள் விடியும்போதே பாக்கியத்திடமிருந்து குரூப்புக்கு ஒரு ரோசாப்பூப் படம் வந்தது. சட்டப்படி அதை அழிக்கவேண்டிய நான், சொட்டுத் தண்ணீர் வராத என் குழாயைப் பார்த்து அந்த ஒரு சொல்லை அடுப்படிக்குள் மெதுவாகச் சொல்லிவிட்டு, படத்தை அப்படியே விட்டுவிட்டேன்.