குப்பைக்குப் போன கேமன்

நோர்பரியில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. எண்பத்தாறு வயது வெள்ளைக்காரர் ஒருவரிடம் இரண்டு வருடமாகப் போகிறேன், காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். அவருடைய சாப்பாடு பற்றி எங்கள் அலுவலகம் எழுதிவைத்தது ஒரே வரி: மைக்ரோவேவில் சூடாக்கும் பெட்டிச் சாப்பாடு.

போன மாரியில் ஒருநாள் அந்தப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, மனைவி சமைத்துத் தந்த மாதிரி கேமனை இன்னும் ஒரு தடவை சாப்பிடவேண்டும் என்றார். கேமன் என்றால் உப்பில் பதப்படுத்திய பன்றித்தொடை. மனைவியின் ஸ்லோ குக்கர் மேல்தட்டில் இருக்கிறது, காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் தானே வெந்திருக்கும் என்று ஆசையோடு விளக்கினார். நான் அதுவரை பன்றி இறைச்சியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றை மறுக்க மனம் வரவில்லை.

வியாழன் மாலை, கடையில் வாங்கிவந்த, வலைநூல் சுற்றிய இறைச்சித் துண்டை உப்புக் குறையத் தண்ணீரில் அமிழ்த்தி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மரக்கறி மட்டும் சாப்பிடும் நாள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, குக்கரின் அடியில் வெங்காயமும் கரட்டும் பரப்பி, மேலே இறைச்சியை வைத்து, மிளகும் பிரிஞ்சி இலையும் போட்டு, ஆப்பிள் சாறு ஊற்றினேன். அவர் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலிலேயே நின்றார். நான் மிளகாய்த்தூள் போட்டுவிடுவேனோ என்று பயந்திருக்கவேண்டும். மூடியைப் போட்டு, குறைந்த சூட்டில் திருப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

மாலையில் கதவைத் திறந்தபோது வாசனை இருந்தது, இறைச்சி இல்லை. குக்கர் கழுவிக் கவிழ்த்திருந்தது. கிங்ஸ்பரியில் இருக்கும் அவருடைய மகள் மத்தியானம் வந்திருக்கிறாள். மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காதவள், மாலைவரை காத்திருந்து என்னை விசாரித்தாள். நடக்கமுடியாத மனிதர் இருக்கும் வீட்டில் அடுப்பை எரியவிட்டுப் போவதா, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். இறைச்சியை வெளியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாளாம். அது அப்படி விட்டுவைத்துச் சமைப்பதற்கென்றே செய்த சாமான் என்றும், அவளுடைய அப்பாதான் கேட்டார் என்றும் சொன்னேன்.

அவள் அவரிடம் திரும்பி, "நீங்களா கேட்டீர்கள்?" என்றாள்.

அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி, "இல்லை, அவளாகத்தான் செய்தாள்" என்றார்.

அவர் மேல் வந்த கோபத்தின் முன் மகள் மேல் வந்த கோபம் கோபமே இல்லை என்றாகிவிட்டது. அவருக்குச் சாப்பாட்டுப் பெட்டியைச் சூடாக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன். மகள் முறையிட்டதால் திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

மூன்று நாள் அவரோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. நான்காம் நாள் அவராகவே தொடங்கினார். தொல்லை கொடுத்தால் மகள் தன்னை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவாள் என்று பயந்துபோனாராம்.

"நீங்கள் பயப்படலாம். ஆனால் அதற்கு என் வேலையைப் பலிகொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்றேன். தொலைபேசியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கிழவனை வதைக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கவலையில்லை. அவர் வெகுநேரம் எண்களைத் தடவினார். மகள் எடுத்ததும், நான்தான் கேட்டேன் என்றார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். திடீரென்று இவர் குரல் உயர்ந்தது.

"அது என்னுடைய சாப்பாடு. நீ என்னுடைய சாப்பாட்டைக் கொட்டினாய்."

அந்த வீட்டில் அவர் சத்தம்போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை ட்ராம் எடுத்து மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் மேற்பார்வையாளரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான், என்னைவிட இளையவள். உட்காரச் சொல்லித் தேநீர் தந்தாள்.

"அப்பாதான் கேட்டவர் எண்டு மகள் ஃபோன் பண்ணிச் சொன்னவா அக்கா. ஆனா கடிதம் குடுத்தாச்சு, இனி ஒண்டும் செய்யேலாது. சின்ன விசயம், விடுங்கோ."

"உங்களுக்குச் சின்ன விசயம். அதில இருக்கிறது என்ர பேர். அதை எடுக்குமட்டும் நான் இந்தக் கதிரையால எழும்பமாட்டன்."

தேநீரைத் தொடவில்லை. என்னுடைய மத்தியான வீடுகளுக்கு வேறு ஆளைத் தேடி அவள் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளுடைய மேலதிகாரி இறங்கிவந்து, என் கண்முன்னே கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். திரும்பப்பெற்றதாக எழுதிக் கையொப்பமும் வைத்தார். அதன் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மகள் வந்து பக்கத்திலேயே இருந்து கேமன் சமைத்துக் கொடுத்தாளாம். நன்றாக இருந்தது என்று அவர் சொன்னார். நல்லது என்றேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மகளுக்கு இன்றுவரை வாய் வரவில்லை. அவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். இரண்டு தடவையும் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன்.