வாயில் வைத்துப் பாராத தண்ணீர்

ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாத காலம் எனக்கு அது. கல்லடியில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் முடித்து, இரண்டு வருடமாக அரசாங்கக் கச்சேரிப் படிகளைத் தேய்த்தும் கிளாக்கர் வேலை கிடைக்கவில்லை. கல்லடிப் பாலத்தில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும், "இன்னும் ஒண்டும் சரிவரல்லியா தம்பி?" என்று கேட்பார்கள். பிடித்து ஆற்றில் தள்ளலாம்போல வரும். உலக யுத்தம் வந்து அரிசி பங்கீட்டுக் கூப்பனுக்குப் போனது. அம்மா மரவள்ளிக் கிழங்கை எத்தனை விதமாக அவிக்கலாமோ அத்தனை விதமாகவும் அவித்துவிட்டார். அப்போதுதான் வேலையில்லாத வாலிபர்களுக்கு வேளாண்மை பழக்கிக் காணியும் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மறுநாளே பெயரைக் கொடுத்தேன். வேளாண்மையில் ஆசை என்று சொன்னால் பொய். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏறாவூருக்கு மேற்கே, ஆற்றோர வயல்வட்டையில் சோடிக்கு ஒரு துண்டு வயல் தந்தார்கள். ஒழுங்காக விளைய வைத்தால் ஆளுக்கொரு காணி. இல்லாவிட்டால் வந்த வழியே போகவேண்டியதுதான். என் சோடி ஏறாவூர்ப் பையன், என் வயதுக்காரன். வாப்பா மவுத்தாகி, உம்மாவும் இரண்டு தங்கச்சிமாரும் அவனை நம்பியே இருந்தார்கள். தோணியிலும் வலையிலும் வளர்ந்தவன் என்பதால் தண்ணீர்ப் பொறுப்பு அவனுக்கு, எழுதத் தெரிந்ததால் குறிப்புக் கொப்பி எனக்கு. அவன் வரம்பில் மணிக்கணக்காகக் குந்தியிருப்பான். நானோ வேர் விட்டிருக்கிறதா என்று பயிரைப் பிடுங்கிப் பார்ப்பேன். "பிள்ளைய வளர விடு மச்சான்" என்று சிரிப்பான்.

பயிர் ஒரு சாண் வந்தபோது மழை நின்றுவிட்டது. நிலம் வெடித்தது. பக்கத்திலேயே ஆறு. மாரி மழையில் அது நல்ல தண்ணீர்தான். வரம்பில் தண்ணீர் வாயை, வக்கடையை, வெட்டிவிட்டால் தானாக உள்ளே பாயும். ஆனால் வெள்ளம் வடியட்டும் என்று ஆற்றுவாயின் மணல் திட்டைக் கடலுக்கு வெட்டி விட்டிருந்தார்கள். வெட்டினால் முதலில் ஆறு வற்றும், பிறகு கடல் உப்போடு உள்ளே ஏறும். அதனால் அந்தக் கரையில் யாரும் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்க்காமல் வக்கடை திறப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் சாரத்தை மாற்றிக்கொண்டு புறப்பட்டான். "ஜும்மாவுக்குப் போயிட்டு வாறன் மச்சான். அவசரப்படாத. தண்ணிய வாயில வெச்சுப் பாத்துட்டு மறுகா திறப்பம்."

"ஓம், ஓம்" என்றேன்.

அரை மணி நேரம் வரம்பில் மேலும் கீழும் நடந்தேன். காலையில் இரண்டு சாண் கீழே கிடந்த ஆறு, வரம்பு மட்டத்துக்கு ஏறியிருந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. துளி மழையில்லாமல் ஆறு ஏன் ஏறுகிறது என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் மண்வெட்டியை எடுத்தேன். அவன் சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். எருமை உழக்கிய தண்ணீரை வாயில் வைக்க அருவருப்பாக இருந்தது, அதுதான் உண்மை.

அவன் திரும்பி வந்தபோது வயல் மினுங்கிக்கொண்டிருந்தது. ஓடிவந்து குனிந்து அள்ளினான், வாயில் வைத்தான், துப்பினான். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வெள்ளைச் சாரத்தோடு இறங்கிக் கையால் சேறள்ளி வக்கடையை அடைத்தான். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாலாம் நாள் பயிர் நுனி கருகியது. ஒரு கிழமையில் வைக்கோல்.

எங்களுக்கு வேளாண்மை பழக்கிய போதனாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். வரம்பில் நின்று, "ஆர் உந்த வக்கடையைத் திறந்தது?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கொப்பியைப் பார்த்தேன்.

"நான் ஜும்மாவுக்குப் போயிருந்தன் ஐயா" என்றான். மிச்சத்தை நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டு நின்றான்.

"தண்ணிப் பொறுப்பு உனக்கெல்லோ? விட்டிட்டுப் போனது உன்ர பிழை."

நான் கொப்பியின் பக்கத்தைப் புரட்டினேன். அவனை விலக்கினார்கள்; அன்று பின்னேரமே பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மழை வந்து உப்பைக் கழுவியதும், குறுகிய கால நெல்லை நான் தனியாக விதைத்தேன். ஒவ்வொரு முறையும் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தே திறந்தேன். விளைந்தது. காணியும் கிடைத்தது.

அந்த அரிசியில் அரைச்சாக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். போதனாசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காணியை நீ எடு என்று சொல்வதற்காகத்தான் போனேன். வழியெல்லாம் அதையே சொல்லிப் பழகினேன். அவன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சாக்கை அவிழ்த்து, நாலு அரிசியை வாயில் போட்டு மென்றான்.

"உப்பில்ல மச்சான்" என்றான். "இந்த முறை வாயில வெச்சுப் பாத்துத்தான் திறந்திரிக்காய்."

உம்மா பாய் விரித்தார். "இரிங்க மனே, சோறாக்கிறன்" என்றார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, சொல்லவந்ததைச் சொல்லவும் முடியவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சோறு அந்தக் காணியிலிருந்துதான் வருகிறது.