இழப்பீட்டுக்கு வரி கேட்டு வந்தவர்

பெருங்களத்தூரில் வேன் மோதிக் கால் முறிந்த என் கணவருக்கு இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. மறுவாரமே இரும்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார்.

"வருமான வரி ஆபீஸ்லேர்ந்து வர்றேன்க்கா. இப்பவே வரி கட்டினாத்தான் பணம் ரிலீஸ் ஆகும்" என்றார்.

தீர்ப்புத் தொகையைச் சரியாகச் சொன்னதால் நம்பி, வளையலை அடகு வைக்கக்கூட நினைத்தேன். ஆனால் ரசீது கேட்டதும் அவர் மழுப்பியது உறுத்தியது. அவர் எதிரிலேயே எங்கள் வக்கீலுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அடிபட்டதுக்குத் தர்ற இழப்பீட்டுக்கு வரி கிடையாதும்மா. வட்டிக்கு வரி வந்தாலும், யாரும் வீடு தேடி வந்து கையில வாங்க மாட்டாங்க. யாரு அந்த ஆளு?" என்றார் வக்கீல்.

நான் நிமிர்வதற்குள் அந்த ஆள் படியிறங்கிவிட்டார்.

தொகை அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை புரியவில்லை. இப்போதெல்லாம் கேஸ் விஷயத்தைச் சொந்தக்காரர்களிடம்கூட நான் பேசுவதில்லை.