முயல் கறியில் ஈயம்

யாகோப்பு ஹம்பேர்க்கில் ஒரு ஹோட்டலின் சலவையறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். பயணச்சீட்டு இல்லாமல் ஒருநாளும் ரயிலேறியதில்லை. ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பார். போன வருடம் ஜெர்மன் குடியுரிமைக்கு அந்திராக், அதாவது விண்ணப்பம், கொடுத்தபின் இந்தக் கவனம் இன்னும் கூடிவிட்டது.

“அந்திராக் குடுத்த மனுசன் தும்முறதெண்டாலும் பாத்துத்தான் தும்முவார்” என்று மனைவி அன்ரனிற்றா பகிடி பண்ணுவாள்.

இப்படிப்பட்டவர் துப்பாக்கி வாங்கியதற்குக் காரணம் முயல்கள். நகரத்தின் ஓரத்தில் அவர்களுக்குக் குத்தகைத் தோட்டம் ஒன்று உண்டு. பயிற்றங்கொடி இரண்டு இலை விட்டதும் முயல்கள் வந்து கத்தரித்துவிடும். வலை அடித்தார், அடியால் தோண்டிக்கொண்டு வந்தன. பிறகுதான் கடையில் அந்தக் காற்றுத் துப்பாக்கியைக் கண்டார். பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், வேறு பத்திரம் வேண்டாம் என்றான் கடைக்காரன். முயல் சுடலாமா என்று யாகோப்பு கேட்கவில்லை. இந்த நாட்டில் கூடாத காரியம் எதற்கும் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கும். துப்பாக்கிப் பெட்டியில் முயல் படம் கீறிக் குறுக்கே கோடு போட்டிருக்கவில்லை.

குழலை மடக்கி, பயறளவு ஈயக்குண்டை வைத்து, பத்து மீற்றருக்குள் முயல் வரும்வரை கொட்டிலுக்குள் குந்தியிருந்தார். முதல் குண்டு தொடையில் பட்டது. முயல் குழந்தையைப்போல வீரிட்டுக்கொண்டு பின்னங்காலை இழுத்தது. அடுத்த குண்டைப் போடுவதற்குள் இரண்டு குண்டுகள் மண்ணில் விழுந்தன; அதன்பிறகுதான் சுட்டு முடித்தார்.

அன்ரனிற்றா மிளகு கூட்டிக் கறி வைத்தாள். வேட்டை இறைச்சியை அயலுக்குக் கொடுக்காமல் உண்பது அவள் வீட்டில் வழக்கமில்லை. அடுத்த தோட்டத்து ஹெர் லூடர்ஸ் ஓய்வுபெற்ற மனிதர். ஏழு வருடமாக இவள் கறி கொடுப்பாள், அவர் ஸ்ட்ரோபெரி கொடுப்பார். யாகோப்பு வேலைக்குப் போயிருந்த நேரம் ஒரு பெட்டி கறியை வேலிக்கு மேலால் நீட்டி, “எங்கடை தோட்டத்து முயல்” என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை லூடர்ஸ் வேலியடிக்கு வந்தார். உள்ளங்கையில் நசுங்கிய ஈயக்குண்டு ஒன்று.

“என் பல்லில் கடிபட்டது. நீங்கள் சுட்டதா?”

யாகோப்பு தலையாட்டினார்.

“நான் வேட்டை அனுமதி வைத்திருக்கிறவன், ஹெர் யாகோப்பு. பரீட்சைக்கு ஒரு வருடம் படித்தேன். இந்தத் துப்பாக்கி கடதாசிக் குறியில் சுடுவதற்கு. முயலைக் கொல்ல இதன் வேகம் காணாது, அது துடித்துச் சாகும். அனுமதியில்லாமல் சுடுவது குற்றம். சிறைகூட உண்டு.”

அவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை. குண்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் யாகோப்பு துப்பாக்கியைப் படுக்கைவிரிப்பால் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். பிறகு இழுத்து அலுமாரிக்கு மேல் வைத்தார்.

“ஆரைக் கேட்டு அந்தாளுக்குக் குடுத்தனீர்?”

“குடுக்காமல் என்னெண்டு தின்னுறது? வாசம் வேலி கடந்து போகேல்லையோ? நீங்கள் துவக்கு வாங்கேக்கை நான் என்ன சொன்னனான்? பொறி வையுங்கோ எண்டனான். அதுகும் குற்றமோ தெரியேல்லை.”

“செவ்வாய்க்கிழமை ரெர்மின், அன்ரனிற்றா.”

குடியுரிமை அலுவலகம் அவருக்குக் குறித்துக் கொடுத்த நேரம் அது. அந்தக் கந்தோரில் கடைசியாக ஒரு கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது: என்மேல் எந்தப் பொலிஸ் விசாரணையும் இல்லை. லூடர்ஸ் பொலிசுக்குச் சொல்லிவிட்டிருந்தால் அது பொய்க் கையெழுத்து. சொல்லாமலிருந்தால் உண்மை. யாகோப்புக்கு எது என்று தெரியாது. ஞாயிறும் திங்களும் அழைப்புமணி அடித்தபோதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருமுறை பார்சல்காரன். ஒருமுறை மேல்வீட்டுப் பிள்ளை கதவுத் திறப்பை மறந்துவிட்டு வந்திருந்தது.

செவ்வாய் காலை, கோட்டும் சப்பாத்துமாக யாகோப்பு நேரே தோட்டத்துக்குப் போனார். லூடர்ஸ் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்கள் பொலிசுக்குச் சொன்னீர்களா? இன்றைக்கு நான் ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கவேண்டும். பொய் எழுத ஏலாது.”

லூடர்ஸ் குழாயைப் பூட்டினார். அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“இன்னும் இல்லை.”

“சொல்வீர்களா?”

“யோசிக்கிறேன்” என்று குழாயைத் திரும்பத் திறந்தார்.

பதினொரு மணிக்குக் கந்தோரில் யாகோப்பு கையெழுத்து வைத்தார். வியர்வையில் மை இழுபட்டது. இடையில் ஏதாவது விசாரணை வந்தால் உடனே அறிவிக்கவேண்டும் என்று அங்கிருந்த பெண் அதிகாரி எல்லாருக்கும் சொல்வதுபோலச் சொன்னாள்.

வீடு திரும்பியபோது அன்ரனிற்றா வாசலில் நின்றாள்.

“என்னவாம்?”

“முடிவு வர இன்னும் மூண்டு மாசமாம்.”

“அப்ப இந்த மூண்டு மாசமும் அந்தாளுக்குக் கறி குடுக்கிறதோ, விடுறதோ? குடுத்தால் வாயைப் பூட்டக் குடுக்கிறம் எண்டு நினைப்பார். விட்டால் கோவமெண்டு நினைப்பார்.”

யாகோப்பு சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

“தெரியேல்லை” என்றார். “எனக்கொண்டும் தெரியேல்லை.”