களிம்புக் குழாய் மெலிந்த கதை

ஆந்திராவில் உப்பாடா கடற்கரையில் இறால் உரிக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே நூகரத்னத்தின் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. சீக்கிரம் உரிக்கச் சொல்லி மேஸ்திரி விரட்டினால், "இறால் செத்தாச்சு மேஸ்திரி, எங்கயும் ஓடிப்போகாது" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பதினோரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. அரிப்பு. மூத்திரம் போகிற இடத்தில் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். சரியாகச் சொன்னால் அதற்கு அடுத்த வாசலில். கல்யாணமான இரண்டாம் வருஷம் முதன்முதலாக வந்தது. தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாகப் படும். உப்புத் தண்ணீர், வேப்பிலைத் தண்ணீர், நெடியடிக்கும் மருந்துத் தண்ணீர் என்று எதையெதையோ ஊற்றிக் கழுவினாள். அரிப்போடு எரிச்சலும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். தானாகப் போகும், தானாக வரும்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது அது குடும்பத்தோடு வந்து குடியேறியது. மாமியார் அப்பலநரசம்மா மோப்பம் பிடித்துவிட்டாள்.

"உடம்புச் சூடு. ஆவக்காய் ஊறுகாயைத் தொடாதே. வெளியில மூச்சு விட்டுடாத, என் பையனைத்தான் சந்தேகப்படுவாங்க."

நூகரத்னமும் அவனைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளில் நர்ஸ் மணிகுமாரி எடை பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியையும் கேட்டாள், "வேற ஏதாவது தொந்தரவு?" எல்லோரும், "இல்ல மேடம்." நூகரத்னமும் அதையேதான் சொன்னாள். ஆனால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"நின்ன இடத்துலயே டான்ஸ் ஆடுறியே, என்ன விசேஷம்?"

வரிசை சிரித்தது. நூகரத்னத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கீழ ஒரே அரிப்பு மேடம். ரெண்டு கையிலயும் இறால் இருக்கிறதாலதான் என் மானம் தப்புது!"

பிறகு பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாக, "எனக்கும்" என்றாள். இன்னொருத்தியும் கையைத் தூக்கினாள்.

மணிகுமாரி நூகரத்னத்தை உள்ளே கூட்டிப்போனாள். டாக்டரம்மா எதை ஊற்றிக் கழுவுகிறாள் என்று கேட்டு, சோதித்துப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். நர்ஸ் விளக்கினாள்.

"இது பூஞ்சை. உடம்புல கொஞ்சம் எப்பவும் இருக்கும். பிள்ளை உண்டானா கூடிடும். ஈரத் துணியோடவே நின்னாலும் கொண்டாட்டம் போடும். புருஷன் வெளியில போனான்னு அர்த்தம் இல்ல."

"ஐயோ! பதினோரு வருஷமா அந்த ஆளை மனசுக்குள்ள திட்டினதெல்லாம் வீணா? பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா மேடம்?"

"பயப்படாதே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இந்த மாத்திரையை உள்ளே வைக்கணும், ஏழு நாள். களிம்பு வெளியில தடவ. கடையில முழுங்குற மாத்திரை கொடுத்தா வாங்காதே, இந்த நேரத்துல அது கூடாது. மருந்துத் தண்ணியை முதல்ல கொட்டு."

மூன்றாம் நாளே பாதி அடங்கியது. ஆனால் களிம்புக் குழாய் வேகமாக மெலிந்துகொண்டிருந்தது. பட்டாணி அளவுதான் எடுக்கிறாள், பின் எப்படி? புருஷன் சத்திபாபுவை மடக்கினாள்.

"நீ ஏதாவது எடுத்துத் தடவினியா?"

"பல்பொடியைக்கூட உன்கிட்ட கேட்டுட்டுத்தானே எடுக்கிறேன்!" என்றான் அவன், பாவம்.

ஒருநாள் மத்தியானம் தலைவலி என்று சொல்லிவிட்டு வேலையிலிருந்து சீக்கிரமே திரும்பினாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அலமாரியில் குழாயைக் காணோம். வாசலிலேயே காத்து நின்றாள். கதவு திறந்தது. அப்பலநரசம்மா, முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி.

"அத்தே, கையில என்ன?"

"முட்டிக்குடி! முட்டி வலி!"

"முட்டிக்குத் தடவ எதுக்குக் கதவுக்குத் தாழ்ப்பாள்?"

மாமியார் முறைத்தாள். பிறகு பக்கென்று சிரித்தாள். சிரித்த வாயோடு அழவும் ஆரம்பித்தாள்.

"மூணு வருஷமா இருக்குடி. உன் மாமா போய் ஒம்பது வருஷமாச்சு. இந்த வயசுல, புருஷன் இல்லாத பொம்பள, இதைப் போய் யார்கிட்ட சொல்ல? என்ன நினைப்பாங்க?"

கேலி செய்ய நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள் நூகரத்னம். அதையெல்லாம் விட்டுவிட்டு மாமியாரின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மணிகுமாரி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு.

"அம்மா, இவ்வளவு சர்க்கரை இருந்தா பூஞ்சைக்கு தினம் விருந்துதான். என்ன சாப்பிடுறீங்க?"

"கஞ்சிதாம்மா."

"பாகுல ஊறின காஜா மிட்டாயும். தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வெச்சு," என்றாள் மருமகள். மாமியார் அவள் தொடையில் கிள்ளினாள்.

சர்க்கரைக்கு மாத்திரை, பூஞ்சைக்குத் தனிக் குழாய். இரண்டு மாதத்தில் அப்பலநரசம்மா நிம்மதியாக உட்காரத் தொடங்கினாள். மார்கழியில் நூகரத்னத்துக்குப் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அடுத்த வருஷம் அரிப்பு மறுபடி எட்டிப் பார்த்தபோது, அந்த வாரமே போய்க் காட்டிவிட்டாள்.

இப்போது மாதம் ஒருமுறை மாமியாருக்குச் சர்க்கரை பார்க்க இருவரும் ஒரே ஆட்டோவில் போகிறார்கள். வழி நெடுகச் சண்டை. ஆட்டோக்காரன் சத்தம் கேட்காமலிருக்கப் பாட்டைக் கூட்டி வைக்கிறான்.