சுபைதா ராத்தாவின் போனில் இறங்காத நாலு நிமிஷம்

1. ஒன்றையும் அழிக்கக்கூடாது

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. சுபைதா ராத்தா (எங்கள் ஊரில் அக்காவை ராத்தா என்போம்) என் வீட்டு முன்னறைக்கு வந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்தார். வைத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை.

“மெமரி ஃபுல்லாம் புள்ள. சும்மா சும்மா அதையே செல்லிட்டு இரிக்கி. ஆனா ஒண்டையும் அழிக்கப்படா.”

போன் திருத்தும் வேலைக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. ‘ஒன்றையும் அழிக்கக்கூடாது, ஆனால் இடம் வேண்டும்’ என்று சொல்லாத ஒரு பெண்ணை நான் இன்னும் காணவில்லை. எனக்குச் சட்டென்று எரிச்சல் வரும். அதை முகத்தில் காட்டாமல் இருக்க இன்றுவரை பழகவில்லை.

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் போன் கடைகளுக்குக் குறைவா என்ன? பெண்கள் என்னைத் தேடி வருவது என் கெட்டித்தனத்துக்காக அல்ல, நானும் பெண் என்பதற்காக. வீட்டுக்குள் முக்காடு இல்லாமல் எடுத்த படங்கள் போனில் இருக்கும். அதை ஆம்பிளைகள் இருக்கும் கடையில் கொடுக்க மனம் வராது. நான் வேலை தொடங்கிய முதல் நாள் வந்தவர் போனை என் கையில் தரவே இல்லை. “நீங்க செல்லுங்க, நான் அமத்துறன்” என்று, நான் சொல்லச் சொல்லத் தானே பட்டனை அழுத்தினார். பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரம் போனது. என் பொறுமையும் போனது. ஆனால் கடைசியில் அவரே போனை நீட்டினார். அன்றிலிருந்து, தானாகத் தரும்வரை யாருடைய போனையும் நான் இழுத்து எடுப்பதில்லை. தொழிலுக்கு வருகிற தங்கச்சிமார் இதை முதலில் படிக்க வேண்டும். ஸ்க்ரூ கழற்றுவதெல்லாம் பிறகு.

சுபைதா ராத்தாவுக்கும் அப்படித்தான் காத்திருந்தேன். தேநீர் கொடுத்தேன். பாதிக் கோப்பை குடித்ததும் விஷயம் வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் சொந்தக்காரர், அயலவர், முகம் முறித்தவர் எல்லாரிடமும் மாப்புக் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையை மன்னித்துவிடச் சொல்லிக் கேட்டு, அவர் வாயால் ‘மாப்பு’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டுதான் பயணம் போவார்கள். ராத்தா ஊர் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டார். மிச்சம் ஒரே ஒரு ஆள். ஒரு பகல் பஸ் தூரத்தில், புத்தளத்தில் கலியாணம் முடித்திருக்கும் தங்கச்சி றஹீமா.

இரண்டு பேரும் கதைத்து ஆறு வருடம். அவர்களுடைய உம்மா மௌத்தான அன்று றஹீமா புத்தளத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். பஸ் பிந்தியது. ஜனாஸாவை அஸர் தொழுகையோடு அடக்கத்துக்கு எடுப்பதா, காத்திருப்பதா என்று ஆம்பிளைகள் கேட்டபோது, “மையத்த வெச்சிக்கு இரிக்கப்படா, எடுங்க” என்று சொன்னவர் மூத்தவரான சுபைதா ராத்தா. றஹீமா மஃரிபுக்குப் பிறகு, இருட்டித்தான் வந்து சேர்ந்தார். உம்மாவின் முகத்தைக் காணவில்லை.

“அவளுக்கு வொய்ஸ் போட்டுத்தான் மாப்புக் கேட்டன் புள்ள. கோல் எடுக்கத் தைரியம் வரல்ல. மறுநாளே அவளும் ஒரு வொய்ஸ் போட்டிருக்கா. நாலு நிமிஷமாம். அமத்தினா இறங்குதில்ல. இடம் இல்லையாம். இண்டைக்குப் பன்னெண்டு நாள்.”

“திரும்ப அனுப்பச் செல்லலாமே ராத்தா?”

“பன்னெண்டு நாளாக் கேக்கல்ல எண்டு நான் செல்ல, அவள் நம்புவாளா? முந்தி ஒருக்கா அவளுக்காகப் பொறுக்காதவள்தானே நான். பொய்ச் சாட்டுச் செல்றன் எண்டுதான் நினைப்பாள். அதுக்குள்ள ‘மாட்டன்’ எண்டு செல்லியிரிந்தா? அதத் திருப்பியும் செல்ல வெக்கவா?”

மகனிடம் கேட்கவும் அவருக்கு வெட்கம். வட்ஸ்அப்பில் வரும் ஒரு வொய்ஸை நாம் கேட்டால், அனுப்பியவருடைய போனில் அந்த மைக் அடையாளம் நீலமாகும். பன்னிரண்டு நாளாக நீலமாகாத மைக்கைப் பார்த்துக்கொண்டு புத்தளத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் சொல்லவில்லை. ராத்தாவின் கை அப்போதுதான் போனை விட்டிருந்தது.

2. எந்த மெமரி?

மெமரி ஃபுல் என்று யார் வந்தாலும், எந்த மெமரி என்று முதலில் பாருங்கள். போனில் இரண்டு உண்டு. ரெம் என்பது சமையல் மேடை. ஸ்டோரேஜ் என்பது அலுமாரி. மேடை நிறைந்தால் போன் திணறும், ஆப் தானாக மூடிக்கொள்ளும். அலுமாரி நிறைந்தால் படம் எடுக்க முடியாது, ஒன்றும் இறங்காது. வேலை தொடங்கிய புதிதில் நான் இது இரண்டையும் குழப்பி, அலுமாரி நிறைந்தவர்களுக்கு மேடையைத் துடைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மறுநாளே திரும்பி வந்து ஏசுவார்கள். ஏசத்தானே வேண்டும்?

ராத்தாவின் போனில் ரெம்முக்கு ஒரு குறையும் இல்லை. செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறந்தேன். முப்பத்திரண்டு ஜிபியில் மிச்சம் நாற்பது எம்பி. அவ்வளவு குறைந்தால் வட்ஸ்அப் எதையும் இறக்காது. எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கீழே பட்டியல் வரும். அதை அவசரப்படாமல் வாசிக்க வேண்டும். ஆப்கள் கொஞ்சம், வீடியோக்கள் கொஞ்சம், படங்கள் மலையளவு. கெலரியைத் திறந்தால் எல்லாம் ஜும்ஆ முபாரக் என்ற வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்கள். ரோஜாப்பூவோடு ஒன்று, கஃபாவோடு ஒன்று, புறாவோடு ஒன்று. பல வருடத்து வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அங்கே குடியிருந்தன.

“இதுகள எடுத்தாப் போதும் ராத்தா. அழிக்கவா?”

“அஸ்தஃபிருல்லாஹ்! அதில அல்லாட பேர் எழுதியிரிக்கி புள்ள!”

இது எங்கள் பக்கத்துப் போன்களின் தனி நோய். குர்ஆன் எழுத்து உள்ள தாள் கிழிந்தாலும் குப்பையில் போடமாட்டோம், பள்ளிவாசலில் கொடுப்போம். அதே பக்தியில் இந்தப் படங்களையும் யாரும் தொடுவதில்லை. நானும் விடவில்லை.

“இது கடதாசி இல்ல ராத்தா. வெறும் வெளிச்சம்.”

“வெளிச்சமெண்டா என்னத்துக்கு இடம் பிடிக்கி?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

3. என் வைஃபை செய்த வேலை

சரி, படத்தைத் தொடாமல் செய்வோம் என்று ஆப்களின் கேஷைத் துடைத்தேன். கேஷ் என்பது ஆப் தன் வசதிக்குச் சேர்த்து வைக்கும் தற்காலிகச் சாமான். அதைத் துடைத்தால் யாருக்கும் நட்டமில்லை. அறுநூறு எம்பி கிடைத்தது. நாலு நிமிட வொய்ஸுக்கு அது தாராளம். “இப்ப இறக்குவம் ராத்தா” என்று பெருமையோடு என் வீட்டு வைஃபையைக் கொடுத்தேன்.

ஸ்டோரேஜைத் திரும்பப் பார்த்தேன். நானூறு. பிறகு இருநூறு. வட்ஸ்அப்பைத் திறந்து றஹீமாவின் பக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பழையபடி நாற்பது.

எனக்கு விளங்கவில்லை. வைரஸோ என்றுகூட நினைத்தேன். ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மண்டையில் ஏறியது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை! குடும்பக் குரூப், மத்ரஸா குரூப், ஹஜ் குரூப், தையல் வகுப்புக் குரூப், எல்லாவற்றிலும் காலையிலிருந்து ஜும்ஆ முபாரக் கொட்டுகிறது. பயான் சொற்பொழிவு வீடியோக்கள் வேறு. பல நாளாக இடமில்லாமல் வாசலில் நின்ற அத்தனையும், வைஃபை வந்ததும் தானாக உள்ளே புகுந்துவிட்டன. ஓட்டோ டவுன்லோடை நிறுத்தாமல் வைஃபையைக் கொடுத்தது யார்? நான்தான். மடைச்சி என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

வைஃபையை நிறுத்தினேன். ஓட்டோ டவுன்லோடில் படம், ஓடியோ, வீடியோ எல்லாவற்றையும் நிறுத்தினேன். மணி பதினொன்று ஆகியிருந்தது.

இனிச் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். எரிச்சல் தலைக்கு ஏறினால் கடைக்காரர் எல்லாரும் செய்கிற ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வட்ஸ்அப்பை அப்படியே கழற்றிவிட்டுத் திரும்பப் போடுவது. முன்பு எடுத்துவைத்த பெக்கப்பிலிருந்து எல்லாம் திரும்பி வரும், இடமும் கிடைக்கும். நூறு போனுக்கு மேல் செய்திருக்கிறேன். ராத்தா பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் அன்இன்ஸ்டோல் வரை போய்விட்டேன். ‘நிச்சயமா?’ என்று போன் கேட்டது. ஓகே பட்டனுக்கு மேலே என் பெருவிரல்.

என்னவோ ஒரு பயத்தில், அமத்தாமல் அந்தத் திரையிலிருந்து வெளியே வந்து பெக்கப் தேதியைப் பார்த்தேன். கடைசி பெக்கப் எடுத்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள். போன் நிறைந்த நாளிலிருந்து பெக்கப்புக்கும் இடமில்லை. வொய்ஸ் வந்ததோ பன்னிரண்டு நாளுக்கு முதல். பட்டனை அமத்தியிருந்தால் மூன்று கிழமைக்கு முந்திய வட்ஸ்அப்தான் திரும்பி வந்திருக்கும். அதில் ராத்தா மாப்புக் கேட்டதும் இருக்காது. றஹீமாவின் பதிலும் இருக்காது.

யா அல்லாஹ்! போனை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

4. வீடு மாற்றம்

திரும்பி வந்து, மேசை லாச்சியில் கிடந்த ஒரு புதிய மெமரி சிப்பை எடுத்துக் காட்டினேன்.

“ராத்தா, அழிக்கல்ல. படங்கள இதுக்குள்ள வீடு மாத்துறம். அவ்வளவுதான். சிப் உங்கட கையிலேயே இரிக்கும்.”

“ஒண்டும் சிந்தாம சிதறாமப் போகுமா?”

“போகும்.”

“அப்ப மாத்துங்க.” நான் சிப்பைப் போடக் குனிந்தபோது தோளைத் தொட்டார். “புள்ள, வுழு இரிக்கா?”

தொழுகைக்கு முன்பு முகம் கை கால் கழுவிச் சுத்தமாவதுதான் வுழு. ஃபைல் மூவ் பண்ண வுழுக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான். வேறு நாளாக இருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அன்று எழும்பிப் போய் வுழுச் செய்துகொண்டு வந்தேன். பட்டன் வரை போய்த் திரும்பிய விரலுக்கு அது தேவைதான் என்று பட்டது.

ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. முழுதும் போய்ச் சேர்ந்ததா என்று சிப்பில் எண்ணிக்கையைச் சரிபார்த்தேன். ஸ்டோரேஜில் நாலு ஜிபி காலி. றஹீமாவின் பக்கத்தைத் திறந்து அம்புக்குறியை அமத்தினேன். சுற்றியது. நின்றது. இறங்கவில்லை.

“போச்சா புள்ள?” ராத்தா போனுக்கு மேலே குனிந்தார்.

எனக்கும் உயிர் போய் வந்தது. அனுப்பியவற்றை வட்ஸ்அப் எப்போதும் வைத்துக்கொண்டிருக்காது. நாள் கடந்தால், ‘திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்’ என்று கையை விரித்துவிடும். அந்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மேலே பார்த்தேன். வைஃபையை நிறுத்தியவள் டேட்டாவைப் போடவில்லை. என் மறதியை நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

டேட்டாவைப் போட்டு அமத்தினேன். சுற்றியது, சுற்றியது, இறங்கிவிட்டது.

நான் எழும்பிக் குசினிக்குப் போகப் பார்த்தேன். ராத்தா என் கையைப் பிடித்து இருத்தினார். “தனியாக் கேக்க ஏலா.”

முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு றஹீமா.

“அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. உங்கட வொய்ஸ ஏழு தரம் கேட்டன். ராத்தா எனக்கு உம்மாட முகத்தக் காட்டல்ல எண்டு ஆறு வருஷமா எல்லாருக்கும் செல்லித் திரிஞ்சன். ஒண்ட மட்டும் ஒருத்தருக்கும் செல்லல்ல. நீங்க சுபஹுக்கே கோல் எடுத்து, உடனே வெளிக்கிடு எண்டு சென்னீங்க. நான் முதல் பஸ்ஸுக்குப் போகல்ல. எப்பிடியும் எனக்காகப் பொறுப்பீங்க எண்டு நினைச்சி, வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு ரெண்டாவது பஸ்ஸுலதான் ஏறினன். பிழை என்னிலதான். அத உங்கட தலையில போட்டுட்டன். நீங்க மாப்புக் கேக்கக் கேக்க எனக்குக் கூசுது. நீங்கதான் என்ன மாப்புச் செய்யணும். ஹஜ்ஜுக்குப் போக முதல் ஒரு வார்த்தை செல்லுங்க. பதில் வராட்டி, நீங்க மாப்புச் செய்யல்ல எண்டு எடுத்துக்குவன். முழங்காலுக்கு எண்ணெய் கொண்டு போங்க. அங்க நிறைய நடக்கணுமாம்.”

பதில் வராத நாள் பன்னிரண்டு.

ராத்தா போனைப் பறித்தார். எழுத்துத் தேடி அமத்தவெல்லாம் பொறுமையில்லை. நேரே கோல். ஒரு தரம் முழுதாக அடிக்கவில்லை, அங்கே எடுத்துவிட்டார்கள். ஸலாம்கூடச் சொல்லாமல் ராத்தா கத்தினார்.

“றஹீமா, மெமரி ஃபுல் புள்ள! மெமரி ஃபுல்! இப்பதான் கேட்டன், அல்லாவறிய இப்பதான்! மாப்பு புள்ள, நூறு தரம் மாப்பு!”

மறுபக்கத்தில் விசும்பல் கேட்டது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பாரியாக அழுதார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, இந்தத் தடவை நிஜமாகவே குசினிக்குப் போனேன்.

வெளிக்கிடும்போது ராத்தா என் இரண்டு கையையும் பிடித்தார். “உங்களுக்கும் கரைச்சல் தந்துட்டன். மாப்புச் செய்ங்க புள்ள.”

மாப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. ஒரு தங்கச்சி ஆறு வருடம் மறைத்ததைக் கேட்ட பிறகு எப்படி மறைப்பது? பெருவிரல் எங்கே போய் நின்றது, அமத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்கதான் என்ன மாப்புச் செய்யணும் ராத்தா.”

அவர் போனை நெஞ்சோடு அணைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாப்புத்தான்,” என்றார். “ஆனா இனிமே நீங்க செல்லுங்க, நான் அமத்துறன்.”

தங்கச்சிமாரே, ‘எதை அழிக்கலாம்?’ என்றுதான் பதினான்கு வருடமாக வாடிக்கையாளர்களிடம் முதலில் கேட்டு வந்தேன். இப்போது நான் முதலில் கேட்பது, “என்ன இறங்காம நிக்கி?” என்று. பதில் தெரியும்வரை என் விரல் எந்தப் பட்டனுக்கும் போவதில்லை.